இலங்கைத் தேர்தல்: சங்கத்தில் வாழ்த்துத் தீர்மானம் எழுதச் சொல்கிறார்கள், என்ன எழுதுவது?

வைகை வடகரை (மதுரை)

வணக்கம். காப்பீட்டுத் துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைதான் போனது, சங்கம் போகவில்லை. ஓய்வூதியர் கிளையில் மினிட் புத்தகம் எழுதுவது, தீர்மானம் வரைவது எல்லாம் இன்னும் என் தலையில்தான்.

2024 நவம்பர் இலங்கை நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழு ஒரே சிவப்பு. 225 இடத்தில் 159, ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே. 2020இல் வெறும் 3 இடம் வைத்திருந்தவர்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவர்கள் தலைவர் அநுர குமார திசாநாயக்க வாங்கியது 3 சதவீதம் சொச்சம்; 2024 செப்டம்பரில் முதல் எண்ணிக்கையிலேயே 42. ஒரு தோழர் செங்கொடிப் படம் போட, அதற்குக் கீழே முஷ்டி பொம்மையாக வந்து குவிந்தது. அவர்கள் சந்தோஷம் எனக்குப் புரியாமல் இல்லை. 2011இல் வங்கம் போனது, 2018இல் திரிபுரா போனது, பல வருடமாக தேர்தல் ராத்திரி என்றாலே டிவியை அணைத்துவிட்டுப் படுக்கிற கூட்டம் நாங்கள். பக்கத்து நாட்டிலாவது ஒரு நல்ல சேதி வந்ததே என்ற ஆறுதல்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் வாழ்த்துத் தீர்மானம் போடுவது என்று முடிவு செய்து, வரைவை என்னிடம் தள்ளிவிட்டார்கள். "இலங்கை உழைக்கும் மக்களின் வரலாற்றுச் சிறப்புமிக்க வெற்றியை இக்கிளை" என்பது வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை.

காரணம் இதுதான். ஜே.வி.பி. என்ற பெயரை நான் முதலில் கேட்டது நல்ல விதமாக இல்லை. 83 ஜூலைக் கலவரத்தில் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்ட பிறகு மதுரையில் கடையடைப்பு, ஊர்வலம் என்று போன தலைமுறை நாங்கள். 87இல் ராஜீவ்-ஜெயவர்த்தனா ஒப்பந்தம் வந்தபோது தெற்கே அதை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள் இவர்கள். இந்தியச் சரக்கை விற்கக் கூடாது என்று கடைகளை மிரட்டினார்கள். 2005இல் சுனாமி நிவாரணத்தைப் புலிகளோடு சேர்ந்து நிர்வகிக்கும் பொதுக் கட்டமைப்பு வந்தபோது, அதைச் சொல்லியே சந்திரிகா அரசிலிருந்து வெளியேறினார்கள். 2006இல் வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்டது இவர்கள் போட்ட வழக்கில். போரைக் கடைசிவரை ஆதரித்தார்கள். இதையெல்லாம் இடதுசாரி என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே யாழ்ப்பாணத்தில் 6இல் 3 இடம் அவர்களுக்கு! கொழும்புக் கட்சி ஒன்று அங்கே முதலிடம் பிடிப்பது என் நினைவில் இல்லாத சங்கதி. அந்த மக்களே ஓட்டுப் போட்டுவிட்டார்கள், மதுரையில் உட்கார்ந்துகொண்டு நான் எதற்கு முகத்தைச் சுளிக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

இன்னொன்று. ஐ.எம்.எஃப். கடன் ஒப்பந்தத்தைத் தொடர்வோம் என்று புதிய அரசு சொல்லிவிட்டது. எங்கள் கிளையில் ஐ.எம்.எஃப். என்ற எழுத்தைக் கேட்டாலே கொதிக்கிற ஆட்கள், அந்தச் சேதியை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

இலங்கையில் இருப்பவர்கள், அல்லது அங்கே சொந்தம் உள்ளவர்கள் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் எதற்காக இப்படி ஓட்டுப் போட்டது? இங்கிருந்து ஒரு தொழிற்சங்கக் கிளை என்ன எழுதினால் நேர்மையாக இருக்கும்?

---

டீக்கடை பெஞ்சு (திருச்சி)

தோழரே, நேபாளத்தில் 2008இல் மாவோயிஸ்டுகள் முதலிடம் வந்தபோதும் இதே கொண்டாட்டம். 2017இல் அங்கே இரண்டு பெரிய கம்யூனிஸ்ட் கட்சிகளும் கூட்டணி போட்டு ஜெயித்தன, மறுபடி கொண்டாட்டம். 2018இல் இரண்டும் ஒரே கட்சியாக இணைந்தன. 2021இல் பிரிந்தன. மினிட் புத்தகத்தில் இந்தத் தீர்மானத்தை மட்டும் பென்சிலில் எழுதி வையுங்கள்.

---

சுன்னாகம் சந்தி (யாழ்ப்பாணம்)

வணக்கம் ஐயா. நான் அரச உத்தியோகத்தன். தேர்தல் வந்தால் எங்களுக்கு அந்தக் கடமையும் வரும். இந்த முறை யாழ். மத்திய கல்லூரியில் வாக்கு எண்ணும் மேசையில் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வாக்குச்சீட்டைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும். மேசையில் விரித்தால் ஓரம் கீழே தொங்கும். அதில் வீடு ஒரு பக்கம், சங்கு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், வீணை, மான், ஊசி. தமிழ்த் தேசியம் பேசுகிறவர்களே அரை டசின் சின்னத்தில் நின்றார்கள். இதற்குள் கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி), பிறகு அந்தக் கட்சியின் ஆட்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் விருப்பு இலக்கத்தில் மட்டும் புள்ளடி போட்ட சீட்டுகள், இரண்டு கட்சிக்குப் போட்ட சீட்டுகள் எல்லாம் நிராகரிப்புக் கட்டில் ஏறிக்கொண்டே இருந்தன. சில சீட்டுகளில் சனம் எழுதியிருந்த வசனங்களை இங்கே எழுத முடியாது.

இனி உங்கள் '6இல் 3'. கணக்கைப் பாருங்கள். தேசிய மக்கள் சக்தி (சின்னம் திசைகாட்டி) யாழ். மாவட்டத்தில் எடுத்தது 80,830 வாக்கு, 24.85 வீதம். அதாவது நால்வரில் ஒருவர். தமிழரசுக் கட்சி (வீடு) 63,327. மாவட்டத்தில் முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு ஆசனம் போனஸ். மிச்சம் ஐந்தை, 5 வீதத்துக்குக் குறையாமல் எடுத்த கட்சிகளுக்குள் பங்கிடுவார்கள். போனஸ் ஒன்று, முழுப் பங்கில் ஒன்று, மீதி வாக்கில் ஒன்று என்று திசைகாட்டிக்கு மூன்று. 63 ஆயிரம் எடுத்த வீட்டுக்கு ஒன்று. 28 ஆயிரத்தை ஒட்டி எடுத்த சைக்கிளுக்கும் ஊசிக்கும் ஆளுக்கு ஒன்று. ஆகவே 'யாழ்ப்பாணம் சிவந்துவிட்டது' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். முக்கால்வாசிச் சனம் வேறு எங்கோதான் போட்டது. மட்டக்களப்பில் வீடே முதலாவது, மூன்று ஆசனம். நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் திசைகாட்டி தோற்றது அந்த ஒன்றில் மட்டும்.

ஆனால் இதை வெறும் கணக்கு வித்தை என்று தள்ளவும் என்னால் ஏலாது. செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் அநுரவுக்கு விழுந்தது 27 ஆயிரம். இரண்டு மாதத்தில் மூன்று மடங்கு. என் கந்தோரில் (அலுவலகத்தில்) இருக்கிற இளம் பெடியள், பிள்ளைகள் பாதிப்பேர் போட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் ஒளிக்கவும் இல்லை. ஏன் என்று கேட்டால் ஒருவரும் மார்க்ஸ் பெயரைச் சொல்லவில்லை. "எங்கட ஆக்கள் பதினைந்து வருசமா ஒருத்தரை ஒருத்தர் திட்டினதுதான் மிச்சம்" என்பது ஒன்று. மதுபானசாலை அனுமதிப்பத்திரம் யார் யாருக்குச் சிபாரிசில் கிடைத்தது என்ற கதை தேர்தல் நேரம் ஊரெல்லாம் ஓடியது, அது ஒன்று. எப்படியும் அவர்கள்தான் அரசாங்கம், உள்ளே இரண்டு ஆள் இருந்தால் கந்தோர் வேலையாவது நடக்கும் என்பது இன்னொன்று. நவம்பர் முதலாம் திகதி பலாலிப் பக்கம் ஒரு வீதியைத் திறந்தார்கள். 34 வருசம் இராணுவம் மூடி வைத்திருந்த வீதி. நிபந்தனைகளோடுதான் திறந்தார்கள். ஆனாலும் தன் காணியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கக் கிடைத்த சனத்துக்கு அது சின்ன விசயம் இல்லை. 1994இல் இருந்து பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தா தோற்றார், தமிழரசுக் கட்சியின் சுமந்திரனும் தோற்றார். பழைய முகங்கள் வேண்டாம் என்று தெற்குச் சனம் நினைத்ததைத்தான் இங்கேயும் நினைத்தார்கள்.

இடதுசாரி எங்களுக்குப் புதுச் சரக்கும் இல்லை. 1956இல் பருத்தித்துறை கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1966 அக்டோபர் 21இல் எங்கள் சுன்னாகத்தில் இருந்துதான் சண்முகதாசன் வழிக் கம்யூனிஸ்டுகள் தீண்டாமைக்கு எதிராக யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். பொலிஸ் அடித்தது. அடுத்த சில வருசங்களில் தேநீர்க்கடையும் கோயில் வாசலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது அந்தப் போராட்டங்களால்தான். அதைச் செய்தது சிவப்புக் கொடி. நன்றி மறக்கக் கூடாது.

அதே சிவப்புக் கொடிதான் மற்றதையும் செய்தது. கொல்வின் ஆர். டி சில்வா, சமசமாஜக் கட்சியின் பெருந்தலை. இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று தனிச் சிங்களச் சட்டத்தின்போது எச்சரித்தவர். அவரே மந்திரியாக இருந்து ஆக்கிய 1972 யாப்பில் சிங்களம் மட்டும் அரச கரும மொழி, பௌத்தத்துக்கு முதலிடம். 71இல் கிளர்ச்சி செய்த ஜே.வி.பி. பெடியளைச் சுட்டு அடக்கியதும் அந்த இடதுசாரிகள் இருந்த அரசுதான். எங்கள் நாட்டில் இடதுசாரி வரலாறு இப்படிப் பின்னிக் கிடக்கிறது.

ஜே.வி.பி. செய்த 87-89 கொலைகளுக்கு 2014இல் தலைவரான பிறகு அநுர வருத்தம் தெரிவித்தார். அது தெற்கில் செத்தவர்களுக்கு. வடக்கு-கிழக்கைப் பிரித்த வழக்குப் பற்றியோ போரை ஆதரித்தது பற்றியோ அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு அரசும் போகிறது, வருகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் 'தற்காலிகமாக' வந்தது, இன்னும் இருக்கிறது. மாகாண சபைக்கு வடக்கில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். 159 இடம் வைத்திருக்கிறவர்களுக்கு இதில் ஒன்றையும் செய்ய இன்னொருவரின் கையை எதிர்பார்க்கத் தேவையில்லை. முன்பெல்லாம் 'எங்களுக்குப் பெரும்பான்மை இல்லை' என்பார்கள். இனி அந்தச் சாட்டு இல்லை.

வாழ்த்துங்கள் ஐயா, தப்பே இல்லை. ராஜபக்ச குடும்பத்தின் கட்சி 3 ஆசனத்துக்கு இறங்கியதற்கே வாழ்த்தலாம். வாழ்த்துக்குக் கீழே மேலே சொன்ன நாலு விசயத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள். 'தமிழ் மக்கள் பிரச்சினைக்கு நியாயமான தீர்வு' என்று பொதுவாக எழுதுவது எங்களுக்குப் புளித்துவிட்டது.

---

பாக் நீரிணை (தங்கச்சிமடம்)

அண்ணே, எல்லாம் எழுதினீர்கள், மீனவனை விட்டுவிட்டீர்கள். அங்கே கடற்றொழில் அமைச்சர் இப்போது இராமலிங்கம் சந்திரசேகர், தமிழர், நீண்ட நாள் ஜே.வி.பி. ஆள். நல்லதுதான். ஆனால் தமிழர் வந்தால் எங்கள் போட்டைப் பிடிக்க மாட்டார்கள் என்று இங்கே யாராவது கனவு கண்டால் அது வீண்.

எங்கள் நிலைமை இது. திங்கள், புதன், சனி விசைப்படகு போகிற நாள். டோக்கன் வாங்கி, டீசல் ஊற்றி, ஐஸ் ஏற்றிப் போகிறோம். கரையோரத்தில் விசைப்படகு இழுக்கக் கூடாது, அது நாட்டுப்படகுக்கு. அதைத் தாண்டிப் பாறையும் சேறும் போக இழுக்கிற இடம் கொஞ்சம்தான். அப்புறம் இலங்கைக் கடல் எல்லைக் கோடு வந்துவிடும். பிடிபட்டால் போட் அவர்கள் அரசுடைமை. இரண்டாவது முறை பிடிபட்ட டிரைவருக்கு ஜெயில். என் மச்சான் ஒருவன் அப்படி உள்ளே இருந்து வந்தவன். போட்டுக்கு வாங்கிய வட்டிக் கடன் இன்னும் வீட்டில் நிற்கிறது.

வாழ்த்துத் தீர்மானத்தில் 'சிறையில் உள்ள மீனவர்களை விடுதலை செய்' என்று ஒரு வரி இல்லாவிட்டால், ராமநாதபுரம் மாவட்டத்தில் அதை வாசிக்க வேண்டாம்.

---

சுன்னாகம் சந்தி

தம்பி, உங்கள் மச்சான் கதை மனதுக்குக் கஷ்டம். ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதும் தமிழ் மீனவன்தான். இரவில் இழுவைமடி (இழுவலை) போடுகிற படகு வந்து போனால் விடியப் போய்ப் பார்க்கிறவனுக்கு வலை இல்லை. மிதப்புக்கட்டை மட்டும் கிடக்கும். 2017இல் இழுவைமடியை இங்கே சட்டம் போட்டுத் தடுத்தது எங்கள் மீனவ சங்கங்களும் கேட்டுத்தான். சந்திரசேகர் விட்டாலும் குருநகர், பருத்தித்துறைச் சனம் விடாது. விடுதலை கேளுங்கள், அதோடு இழுவைமடியை எப்போது விடுவீர்கள் என்றும் உங்கள் பக்கம் கேளுங்கள்.

---

பாக் நீரிணை

விடச் சொல்கிறார்கள், விட்டு எதில் போவது? ஆழ்கடல் சூரை பிடிக்க 80 லட்ச ரூபாய்ப் படகு என்று 2017இல் திட்டம் போட்டார்கள். மானியம் போக 8 லட்சம் கையிலிருந்து, 16 லட்சம் வங்கிக் கடன். வாரம் மூன்று நாள் போய்த் திரும்புகிறவனுக்கு ஆழ்கடல் பழக்கமும் இல்லை, கடன் கட்டுகிற தைரியமும் இல்லை. மன்னியுங்கள், தேர்தல் பேச்சில் இதை இழுத்துவிட்டேன்.

---

லயத்துப் பேரன் (கூடலூர், நீலகிரி)

எங்கள் தாத்தா இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் சேர்த்தி. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் முகாம், பிறகு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம். அம்மாவின் அண்ணன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அதனால் இரண்டு பக்கச் சேதியும் வீட்டில் ஓடும்.

மதுரை ஐயா சொன்ன பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டார். ஜே.வி.பி.யை ஆரம்பித்த ரோகண விஜேவீர ஆரம்ப நாட்களில் தன் ஆட்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். அதில் நாங்கள், அதாவது கொழுந்து பறிக்கிற சனம், இந்தியாவின் கைக்கருவி. 1948இல் குடியுரிமையைப் பறித்தது வலதுசாரி அரசு. ஓட்டும் இல்லாமல் நாடும் இல்லாமல் கிடந்த அந்த லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டு) சனத்தை எதிரி என்று படம் போட்டுக் காட்டியது இந்த இடதுசாரி. மாமா அதை மறந்தவரில்லை.

அந்த மாமா இந்த முறை திசைகாட்டிக்குப் போட்டார். போனில் நான் சிரித்துவிட்டேன். அவர் சொன்னது: "சேவலுக்குப் போட்டோம், யானைக்குப் போட்டோம், டெலிபோனுக்கும் போட்டோம். சம்பளம் 1,700 என்று மேடை போட்டுச் சொன்னான், 1,350இல் நிற்குது. என் பேத்தி போடச் சொன்னா, போட்டேன்." நுவரெலியாவில் 8இல் 5 இடம் அவர்களுக்கு. அதில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல் என்று மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றம் போயிருக்கிறார்கள். இத்தனை காலம் எங்கள் சனத்தில் தலைவர் என்றால் மீசை வைத்த ஆண், அதுவும் தலைவர் வீட்டுப் பிள்ளை. கொழுந்துக் கூடையைச் சுமப்பது முழுக்கப் பெண்கள், சங்கத்துச் சந்தாவும் அவர்கள் கூலியில் பிடிப்பதுதான். கட்சி எதுவானாலும் இந்த ஒரு விஷயத்துக்கு நான் கைதட்டுவேன்.

ஆனால் காணி உரிமை இல்லாமல் இன்னும் லயத்தில்தான் படுக்கிறார்கள். தொழிற்சங்கம் எழுதுகிற தீர்மானத்தில் தொழிலாளியின் சம்பளம் இல்லாமல் இருக்கக் கூடாது, பாருங்கள்.

---

வைகை வடகரை

எல்லோருக்கும் நன்றி. டீக்கடை பெஞ்சுக்கும் சேர்த்துத்தான். நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதிவிட்டேன்:

"ஊழலுக்கும் குடும்ப ஆட்சிக்கும் எதிராக இலங்கை மக்கள் அளித்த தீர்ப்பை இக்கிளை வாழ்த்துகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இடம் பெற்றுள்ள தேசிய மக்கள் சக்தி அரசு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கவும், இராணுவத்தின் வசம் உள்ள காணிகளை உரியவர்களிடம் ஒப்படைக்கவும், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குப் பதில் சொல்லவும், மாகாண சபைத் தேர்தலை நடத்தவும் கோருகிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு 1,700 ரூபாய் நாட்கூலியும் குடியிருக்கும் நிலத்துக்கு உரிமையும் வழங்கக் கோருகிறது. சிறையிலுள்ள தமிழக மீனவர்களை விடுவிக்குமாறும், இழுவலைத் தொழிலுக்கு மாற்று ஏற்பாட்டை நம் அரசுகள் மீனவர் தாங்கும் கடனில் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறது."

ஐ.எம்.எஃப். பற்றி எழுதவில்லை. 2022இல் டாலர் இல்லாமல் கேஸ் வரிசையில் நின்ற சனத்துக்கு, மதுரையிலிருந்து நாங்கள் வகுப்பெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இதற்குக் கூட்டத்தில் அடி விழும். வரலாற்றுச் சிறப்புமிக்க, செங்கொடி என்ற இரண்டையும் காணோமே என்று தலைவர் போனிலேயே ஆரம்பித்துவிட்டார்.

---

சுன்னாகம் சந்தி

காணாமல் ஆக்கப்பட்டோர் விசயத்தில் 'பதில் சொல்லவும்' என்பதற்குப் பக்கத்தில் 'சர்வதேச விசாரணை' என்றும் சேர்க்க முடியுமா? தாய்மார் கேட்பது அதைத்தான்.

---

வைகை வடகரை

என் பக்கம் சம்மதம். கிளையில் அதற்கு ஓட்டெடுப்பு வரும். எங்கள் ஆட்களில் பலருக்கு அந்த வார்த்தை ஆகாது. முன்மொழிவது நான், வழிமொழிய ஒரு ஆளைப் பிடித்துவிட்டேன். சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் என்ன வெட்டினார்கள், என்ன விட்டார்கள் என்று இங்கேயே போடுகிறேன்.